விட்டமின் டி குறைந்தால் மூளைக் கொழுப்பு கெட்டுப்போகுமா? ஆறு ஊசி போட்டுக்கொண்ட ஓர் ஆச்சியின் கதை

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க. வீட்டில் விட்டமின் டி சாஷே இருந்தால் அதையும் எடுத்துப் பக்கத்தில் வெச்சுக்குங்க, நடுவில் தேவைப்படும்.

போன மாதம் ஒரு மதியம். ஓபி முடிய அரை மணி நேரம்தான் இருந்தது. 66 வயது ஆச்சி ஒருவரை மருமகள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா பண்ணுது ஆச்சிக்கு?"

"மறதி சார். பத்து நாளா ஆளையே தெரிய மாட்டேங்கு. ராத்திரி பூரா பொலம்புதாங்க. சோறு வேண்டாங்காங்க, குடுத்தா வாந்தி. தண்ணி மட்டும் செம்பு செம்பா குடிக்காங்க. வெளிக்கி போயி ஒரு வாரம் ஆச்சு."

நாக்கு காய்ந்து கிடந்தது. பெயர் கேட்டால் சொல்கிறார், கிழமை கேட்டால் சிரிக்கிறார். காய்ச்சல் இல்லை, கை கால் விழவில்லை, சர்க்கரை சரியாக இருக்கிறது. ரத்தம் அனுப்பினோம். கால்சியம் 14.1. கிரியாட்டினின் 3.2.

கால்சியம் பத்தரைக்குள் இருக்க வேண்டும். 14 என்றால் மூளை குழம்பும், குடல் நிற்கும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் கொட்டும், பிறகு அதுவே சுருண்டுவிடும். இந்த வயதில் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் எந்த டாக்டருக்கும் முதலில் வருவது புற்றுநோய் பயம்தான். மல்டிபிள் மைலோமாவா, எலும்புக்குப் பரவிய கட்டியா, பாராதைராய்டா என்று எங்கள் தலைக்குள் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் மஞ்சப்பையைக் கேட்டேன். அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், எந்த ஸ்கேனும் சொல்லாததை அந்த மஞ்சப்பை சொல்லும்.

உள்ளே மூன்று சீட்டு. ஒன்று, மூட்டு வலிக்குப் போன இடத்தில் வாரம் ஒன்று வீதம் ஆறு விட்டமின் டி ஊசி, ஒவ்வொன்றும் 6 லட்சம் யூனிட். இரண்டு, வேறொரு இடத்தில் முழு உடல் பரிசோதனை, அதில் "விட்டமின் டி 14, குறைபாடு" என்று சிவப்பு மையில் வட்டம். மூன்று, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதிய 60,000 யூனிட் சாஷே, கூடவே கால்சியம் மாத்திரை இரண்டு வேளை. சாஷே வாரம் ஒன்று என்றுதான் எழுதியிருந்தது. ஆச்சி தினமும் ஒன்றைப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார்.

ஏன் தினமும்?

"அத்தைக்கு லேசா மறதி இருந்துச்சு சார். மூளையில இருக்க கொழுப்பு விட்டமின் டி இல்லாம கெட்டுப்போகுதாம், இத குடிச்சா மூளைக் கொழுப்பு சரியாகி மறதி போயிரும்னு சொன்னாங்க. வீடியோவும் பாத்தோம். சீக்கிரம் சரியாகட்டும்னு தெனமும் குடுத்தேன்."

சொல்லும்போதே அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. அவர் மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. மாமியாருக்கு மறதி என்றதும் செலவு பண்ணி வைத்தியம் பார்த்த மருமகள். கோபமெல்லாம் அந்த "மூளைக் கொழுப்பு" வசனத்தின் மேல்தான். இந்த இழை அதைப் பற்றியது.

ரத்தத்தில் விட்டமின் டி அளவு வந்தது. "150க்கு மேல்" என்று போட்டு மெஷின் கையை விரித்துவிட்டது.

முதலில் அந்த வீடியோக்களில் எல்லாம் வரும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "உங்கள் மூளையில் 60 சதவீதம் கொழுப்பு." கேட்டவுடன் வெண்ணெய்க் கட்டி மாதிரி ஒரு மூளை கண்ணில் தெரியும். உண்மையில் மூளையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை முழுக்க உலர்த்திவிட்டு மிச்சத்தை எடை போட்டால்தான் அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. இருக்கிற மூளையை இருக்கிறபடி எடுத்தால் பத்தில் ஒரு பங்கு சொச்சம். முருங்கைக் கீரையைப் பொடி பண்ணி அதன் புரதத்தை எண்ணிவிட்டு, கீரைக் கூட்டில் அவ்வளவு இருக்கு என்று சொல்வது மாதிரி இது.

சரி, பத்தில் ஒரு பங்கு என்றாலும் அது முக்கியமான கொழுப்புதான். நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை பெரும்பாலும் கொழுப்பு. உடம்பு எடையில் 2 சதவீதம் இருக்கிற மூளை, உடம்பின் மொத்த கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால் பங்கை வைத்திருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விட்டமின் டிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உறவு உண்டு. சாதாரண உறவு இல்லை, ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெயிலின் புற ஊதா பி கதிர் அதன் மேல் பட்டால் அது விட்டமின் டி3 ஆகும் பாதையில் போகும். டிஎச்சிஆர்7 என்ற நொதி அதைத் தொட்டால் அது கொலஸ்ட்ரால் ஆகும். ஒரே மாவு, ஒரு கரண்டி ஊத்தினா தோசை, தட்டில் ஊத்தினா இட்லி. ஸ்டீரால்களுக்கும் விட்டமின்களுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆராய்ந்ததற்குத்தான் 1928இல் அடால்ஃப் விண்டாஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நேற்று யூடியூபில் கண்டுபிடித்த ரகசியம் கிடையாது.

அந்த டிஎச்சிஆர்7 நொதி பிறவியிலேயே பழுதாக இருந்தால் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற நோய். கொலஸ்ட்ரால் போதாமல் குழந்தையின் தலை சிறுத்து, மூளை வளர்ச்சி குன்றி, காலில் இரண்டாவது மூன்றாவது விரல்கள் ஒட்டிப் பிறக்கும். இன்னொரு நொதி, சிஒய்பி27ஏ1. விட்டமின் டியைக் கல்லீரலில் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிற வேலையிலும் இதற்குப் பங்கு உண்டு, கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்குகிற வேலையிலும் பங்கு உண்டு. இது பழுதானவர்களுக்குக் கொலஸ்டனால் என்ற கொழுப்பு மூளையிலும் குதிகால் நரம்பிலும் போய்ப் படியும். சின்ன வயதிலேயே கண்புரை, தீராத வயிற்றுப்போக்கு, பிறகு தள்ளாட்டம், புத்தி மங்கல். மூளையின் கொழுப்பு வளர்சிதை மாற்றம் கெட்டுப்போவது என்றால் நிஜமாகவே இதுதான். இதற்கு மருந்து கீனோடீஆக்ஸிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலம். விட்டமின் டி ஊசி இல்லை.

2017இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். நம் ரத்தத்தில் சுற்றும் 25-ஹைட்ராக்ஸி விட்டமின் டி, செல்லுக்குள் கொழுப்புத் தயாரிப்பை முடுக்கிவிடும் எஸ்ஆர்இபிபி என்ற சுவிட்சை அணைக்கிறது. அருமையான வேலை. ஆனால் அது வளர்ப்புத் தட்டில் இருந்த செல்களில் பார்த்தது, நம் ரத்தத்தில் இருக்கும் அளவைவிடப் பல மடங்கு அதிகமாக ஊற்றிப் பார்த்தது. மூளைச் செல்களில் விட்டமின் டிக்கான ஏற்பி இருக்கிறது என்பதும் உண்மை. ஏற்பி உடம்பில் இல்லாத இடம் எது என்று தேடினால்தான் கஷ்டம்.

இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிற உண்மைகள். இதில் எந்த வரியில் "66 வயது ஆச்சியின் மறதிக்கு 6 லட்சம் யூனிட் போடு" என்று இருக்கிறது? ஒரு வேதியியல் உறவைக் காட்டி ஊசி விற்பது, இரண்டு பேரும் ஒரே ஊர் என்பதற்காக ஒருத்தர் கடனை இன்னொருத்தரிடம் வசூல் பண்ணுவது மாதிரி.

இன்னொரு முக்கியமான சங்கதி. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே சமைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலுக்கு மூளைக்குள் நுழைய அனுமதி இல்லை, ரத்த-மூளைத் தடுப்பு வாசலிலேயே நிறுத்திவிடும். உள்ளே ஆஸ்ட்ரோசைட்டுகள் சமைக்கும், அபோ-ஈ என்ற புரதம் அதைச் சுமந்துபோய் நியூரானிடம் கொடுக்கும். மிச்சமானதை சிஒய்பி46ஏ1 என்ற நொதி சற்றே மாற்றி வெளியே அனுப்பும். வயது வந்தவர் மூளையில் இருக்கும் கொலஸ்ட்ரால் புதுப்பிக்கப்பட ஆண்டுக்கணக்கில் ஆகும். பத்து நாளில் சாஷே குடித்து "சரியாகிற" வேகம் அங்கே கிடையாது.

இதைப் படித்துவிட்டு "அப்போ நெய் சாப்பிட்டா மூளைக்குப் போகாதா டாக்டர்" என்று கேட்காதீர்கள். போகாது. பொங்கலுக்கு நெய் ஊத்திக்குங்க, ருசியா இருக்கும், அவ்வளவுதான். இதய அடைப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் "மூளைக் கொழுப்பு கரைஞ்சிரும்" என்று பயந்து தாங்களாக நிறுத்துவதும் இதே வீடியோ குடும்பத்தைச் சேர்ந்த விபரீதம். அதைத் தனி இழையாக எழுதுகிறேன்.

இப்போது எதிர்த்தரப்பின் கனமான வாதத்துக்கு வருகிறேன். "விட்டமின் டி குறைவாக இருக்கிறவங்களுக்கு டிமென்ஷியா அதிகமா வருதுன்னு ஆய்வே இருக்கே?"

இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் 1,658 முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 10 நானோகிராமுக்கும் கீழே கடுமையான குறைபாடு இருந்தவர்களுக்கு டிமென்ஷியா இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க. மறதி ஆரம்பிக்கும் பெரியவர் முதலில் எதை நிறுத்துவார்? வெளியே போவதை. கோவிலுக்கு நடப்பது நிற்கும், கடைக்குப் போவது நிற்கும், திண்ணையில் உட்காருவது நிற்கும். வெயில் படாது. விட்டமின் டி குறையும். டிமென்ஷியா என்று பெயர் வைப்பதற்கு வருஷக்கணக்கில் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. அப்படியென்றால் எது காரணம், எது விளைவு? உடல் பருமன் இருந்தாலும் குறையும், ஏதாவது அழற்சி இருந்தாலும் குறையும். உடம்பு சரியில்லாதவர்களிடம் விட்டமின் டி குறைவாக இருப்பது, கல்யாண வீட்டில் பந்தலும் வாழைமரமும் இருப்பது மாதிரி. வாழைமரம் நட்டால் கல்யாணம் நடந்துவிடாது.

இதைத் தீர்க்க ஒரே வழி, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது. பார்த்தாயிற்று. அமெரிக்காவில் வைட்டல் ஆய்வு, 25,871 பேர், தினம் 2,000 யூனிட். அதன் ஒரு பகுதியாகப் புத்திக்கூர்மையை அளந்தார்கள். ஒட்டுமொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவின் டூ-ஹெல்த் ஆய்வு, 70 வயது கடந்த 2,157 பேர், மூன்று வருஷம், தினம் 2,000 யூனிட். நினைவாற்றல் சோதனையில் பலன் இல்லை. ஆஸ்திரேலியாவின் டி-ஹெல்த், 21,315 பேர், மாதம் ஒரு 60,000. உங்கள் பக்கத்தில் இருக்கிற அதே அளவு சாஷே, ஆனால் மாதம் ஒன்று. ஐந்து வருஷம் கொடுத்தும் இறப்பு குறையவில்லை.

"அவங்க எல்லாம் ஏற்கெனவே ஓரளவு நல்ல அளவில் இருந்தவங்க, குறைபாடு உள்ளவங்க இல்லை" என்று ஒரு சீனியர் போன தடவை கமெண்டில் எழுதினார். நியாயமான பாயிண்ட். நிஜமான குறைபாடு இருந்தால் எலும்புக்காகவே அதைச் சரிசெய்யணும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. சரிசெய்யும்போது மூளைக்கும் அதன் பங்கு போய்ச் சேரும். அதற்காக மூளை பேரைச் சொல்லித் தனியாக ஒரு டோஸ் எதற்கு?

நேர்மைக்காக இன்னொன்று. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மயலின் உறையைத் தாக்கும் நோய். அதில் விட்டமின் டிக்குப் பங்கு இருக்கலாம் என்பதற்கு மரபணு ஆய்வுகளே சாட்சி சொல்கின்றன. 2025இல் வந்த பிரான்ஸ் ஆய்வில், நோயின் முதல் அறிகுறி வந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 லட்சம் யூனிட் கொடுத்தபோது நோய் தீவிரமாவது 74 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை. இது நரம்பியல் நிபுணர் ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் விஷயம், அதுவும் எதிர்ப்பு சக்தி வழியாக நடக்கும் விஷயம். கீ எங்க வெச்சேன்னு தேடுற நாப்பது வயசுக்காரருக்கு இதில் எதுவும் இல்லை.

அடுத்த கமெண்ட் இப்பவே கேட்குது. "நீ வெறும் எம்பிபிஎஸ் தானே, பெரிய டாக்டர் எழுதினதைக் குறை சொல்றியா?" ஆமாங்க, வெறும் எம்பிபிஎஸ்தான். கால்சியம் 14இல் வந்த ஆச்சிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு சலைன் மாட்டுறது பெரும்பாலும் வெறும் எம்பிபிஎஸ்தான்.

என் ஆத்திரத்தின் மையத்துக்கு வருகிறேன். ஆச்சிக்கு அனுப்பிய ரத்தத்தில் பி12ம் பார்க்கச் சொல்லியிருந்தேன். 118 வந்தது. 200க்குக் கீழே போனாலே குறைபாடு. பத்து வருஷமாக மெட்பார்மின் சாப்பிடுகிறார், கவிச்சி தொடாதவர், பாதம் எரியுது என்று ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பி12 குறைபாட்டுக்கு இதைவிடத் தெளிவாக விலாசம் எழுத முடியாது. மஞ்சப்பையில் இருந்த அத்தனை ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைகளில் பி12 மட்டும் இல்லை.

மூளையின் கொழுப்பைப் பற்றி யாருக்காவது உண்மையான அக்கறை இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பி12ஐத்தான். மெத்தில்மெலோனில்-கோஏ மியூட்டேஸ் என்று ஒரு நொதி, பி12 இல்லாமல் அது வேலை செய்யாது. அது நின்றால் மெத்தில்மெலோனிக் அமிலம் சேரும், வழக்கத்துக்கு மாறான கொழுப்பமிலங்கள் உருவாகி நரம்பின் கொழுப்புக்குள் புகும். பி12 நம்பியிருக்கும் இன்னொரு பாதையும் நின்றுபோவதால் மயலினைப் பராமரிக்க வேண்டிய மெத்தில் சரக்கும் வராது. உறை உரியும். தண்டுவடத்தின் பின்பகுதி முதலில் அடிவாங்கும். கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள், செருப்பு கழன்று விழுந்தது தெரியாது, மறதி வரும், சிலருக்குப் புத்தியே பிசகும். சீக்கிரம் பிடித்து ஊசி போட்டால் பெரும்பாலும் மீளும். விட்டுவிட்டால் மீளாது. வெறும் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை மறைந்து நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும்.

தைராய்டும் அப்படித்தான். குழந்தையின் மூளையில் மயலின் உருவாகத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டிஎஸ்எச் பார்ப்பது அதற்குத்தான். மறதியோடு வரும் பெரியவருக்கும் அது பார்க்க வேண்டிய பரிசோதனை. ரெண்டும் விலை குறைந்த வைத்தியம். அதனால்தானோ என்னவோ இவற்றுக்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

இப்போ அந்த சாஷேயைக் கையில் எடுங்க. 60,000 யூனிட். ஐசிஎம்ஆர் சொல்லும் ஒரு நாள் தேவை 600 யூனிட். உங்கள் கையில் இருப்பது நூறு நாளுக்கான அளவு. அந்த 6 லட்சம் ஊசி ஒன்று ஆயிரம் நாளுக்கானது. ஆச்சிக்கு ஆறு வாரத்தில் ஏற்றியது 36 லட்சம், அதாவது 16 வருஷத்துக்கான விட்டமின் டி. தினம் குடித்த சாஷே தனிக் கணக்கு.

மீந்துபோன பி விட்டமின்கள் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். விட்டமின் டி போகாது. கொழுப்பில் கரைந்து உடம்புக் கொழுப்பில் போய்க் குடியேறி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கும். அதனால்தான் மருந்தை நிறுத்திய பிறகும் கால்சியம் ஏறும். காஷ்மீரிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளை வரிசையாகப் பதிவு செய்து கட்டுரை எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் அதே 6 லட்சம் ஊசிதான்.

"நஞ்சாகிற அளவுக்குப் போகாட்டி நல்லதுதானே?" அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2,256 வயதான பெண்களை எடுத்து, பாதிப் பேருக்கு எலும்பு பலமாகட்டும் என்று வருஷத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் கீழே விழுவது 15 சதவீதமும், எலும்பு முறிவு 26 சதவீதமும் அதிகம். எலும்புக்காகக் கொடுத்தது எலும்பை உடைத்தது. 50 வயது தாண்டியவர்களுக்குக் கொடுப்பதானால் பெரிய டோஸை விட்டுவிட்டு தினசரி சின்ன டோஸே மேல் என்று 2024 எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதல் சொல்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக விட்டமின் டி பரிசோதனை வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. 2011இல் 30க்கு மேல் இருக்கணும் என்று கோடு போட்டவர்களே இவர்கள்தான், இப்போது அந்தக் கோட்டைத் தாங்களே விலக்கிக்கொண்டார்கள். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் மட்டும் அந்த 30 இன்னும் சிவப்பில் ஒளிர்கிறது. அந்தக் கோட்டை வைத்தால் நீங்க, நான், ரத்தம் எடுக்கிற தங்கச்சி எல்லாருமே நோயாளிதான்.

சரி, அப்போ விட்டமின் டி யாருக்குத்தான் வேணும்? இங்கேதான் எனக்கு அடுத்த கோபம்.

ஆச்சி வந்த அதே வாரம், ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று வலிப்போடு வந்தது. காய்ச்சல் இல்லை. கால்சியம் 5.8. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் நல்ல கொழுகொழு குழந்தை. அம்மா, வெயில் எட்டாத ஒற்றை அறையில் குடியிருப்பவர். தாய்ப்பாலில் எல்லாம் இருக்கும், விட்டமின் டி மட்டும் மிகக் குறைவு. அம்மாவுக்கே இல்லாதபோது பாலில் எங்கிருந்து வரும்? பிறந்த சில நாளிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். அந்த அம்மாவிடம் அதை ஒருத்தரும் சொல்லவில்லை. கால்சியம் குளூக்கோனேட்டை இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக ஏற்றி வலிப்பை நிறுத்தினோம். விட்டமின் டி குறைபாடு ஒரு மூளையை நேரடியாக உலுக்குவது இப்படித்தான், கால்சியம் வழியாக. தேவைப்பட்டது வெறும் 400 யூனிட். ஆச்சிக்குப் போட்ட ஒரே ஓர் ஊசி 1,500 குழந்தைகளுக்கு ஒரு நாள் மருந்து.

கர்ப்பிணிகள், கால் வளைந்த குழந்தைகள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு எழும் எலும்பு மெலிந்த பெண்கள், படுத்த படுக்கையான பெரியவர்கள், சிறுநீரக நோயாளிகள், வருஷக்கணக்கில் பெனிடாயின், பீனோபார்பிட்டோன் சாப்பிடும் வலிப்பு நோயாளிகள். கடைசியாகச் சொன்ன மருந்துகள் விட்டமின் டியைச் சீக்கிரமாகச் சிதைத்துவிடும். இவர்களுக்கெல்லாம் கேட்காமலே கிடைக்க வேண்டும். இவர்கள் யாரும் முழு உடல் பரிசோதனை பேக்கேஜுக்கு வருகிறவர்கள் இல்லை. பேக்கேஜுக்கு வருகிறவருக்கு மேலும் மேலும் ஏற்றுகிறோம், வார்டில் கிடப்பவருக்கு எழுத மறக்கிறோம்.

வெயில் பற்றி ஒரு வரி, ஏன்னா கண்டிப்பா கேட்பீங்க. காலை ஆறு மணி இளவெயிலில் விட்டமின் டி கிடைக்காது. உங்க நிழல் உங்களைவிடக் குட்டையா இருக்கிற நேரத்து வெயிலில்தான் அந்த புற ஊதா பி கதிர் போதுமான அளவு வரும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் வராது. நம்ம நிறத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் வேணும். வெயிலால் யாருக்கும் விட்டமின் டி நஞ்சாகாது, தேவைக்கு மேல் ஆனதைத் தோலே சிதைத்துவிடும்.

சாஷே ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பதற வேண்டாம். நிஜமான குறைபாட்டுக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது அங்கீகரிக்கப்பட்ட முறைதான், அதில் பெரும்பாலானவர்களுக்கு ஆச்சி மாதிரி ஆகாது. எட்டு வாரம் முடிந்தும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். குழந்தை சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 400 இருக்கா 800 இருக்கா என்று லேபிளைப் படியுங்கள், ரெண்டும் கடையில் கிடைக்கிறது.

ஆச்சியைக் கேட்பீர்கள். சலைன், ஸ்டீராய்டு, கால்சியம் மாத்திரைக்கும் சாஷேக்கும் தடை, தினம் ரத்தம். ஐந்தாம் நாள் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று வாரத்தில் கால்சியம் இறங்கியது. கிரியாட்டினின் 1.6இல் நிற்கிறது, அதற்குக் கீழே வருமா என்று தெரியாது. பி12 ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். போன வாரம் ஓபிக்கு நடந்தே வந்தார், பாத எரிச்சல் பாதி குறைந்திருக்கிறதாம். மூட்டு வலி அப்படியே இருக்கிறது, ஆறு ஊசி போட்டும்.

இன்பாக்ஸில் ரிப்போர்ட் அனுப்புகிறவர்களுக்கு: விட்டமின் டி எண்ணை மட்டும் வட்டம் போட்டு அனுப்பாதீங்க. வயசு, கால்சியம், கிரியாட்டினின், சர்க்கரைக்கு என்ன மாத்திரை, எந்த டோஸ் எத்தனை வாரம் ஆச்சு, ஊசி போட்டிருந்தா எத்தனை, இதெல்லாம் சேர்த்து எழுதுங்க. இன்னைக்கு நைட் டூட்டி, நாளைக்கு மதியத்துக்கு மேல்தான் பதில் வரும். வாந்தி, குழப்பம், அதிக தாகம் இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க, மஞ்சப்பையோட.